கேட்போரும் பயனும்: வைகை அணை அறிவிப்புக்களின் உரைநடை பற்றிய ஒரு திறனாய்வு

சிறப்புப்பாயிரத்தில் இன்னின்ன செய்திகள் இடம்பெறல் வேண்டும் என வரையறுக்கப் புகுந்த பவணந்தியார், ஆக்கியோன் பெயர் முதலாக எட்டினை எண்ணுகின்றார். அவ்வெட்டனுள் ஈற்றில் நிற்பன இரண்டு: ஒன்று கேட்போர், மற்றொன்று பயன். காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்பதையும் அவரே குறித்துச் செல்கின்றார். வகுப்பறையில் நன்னூல் நடத்துவோர் இப்பகுதியை மனப்பாடத்துக்குரியதொரு பட்டியலாகக் கருதி விரைந்து கடந்து, எழுத்தியலுக்குச் சென்றுவிடுவது வழக்கம். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தவன். ஒரு நூல் யாருக்காக எழுந்தது, அவர்க்கு அதனால் விளைவது யாது என்னும் இவ்விரு வினாக்களும் நூலின் அகத்தையே அளக்கும் அளவுகோல்கள் என்பது எனக்கு விளங்கியது இலக்கியம் படித்தபோது அன்று. வைகை அணையின் நீர்மட்ட அறிவிப்புக்களைப் படித்தபோது.

அறிவிப்பும் ஓர் இலக்கியமோ, அதனைத் திறனாய்வுக்கு உட்படுத்தல் தகுமோ என ஐயுறுவார் இருக்கலாம். கல்வெட்டுக்களின் மொழியை ஆராயாது தமிழ் உரைநடை வரலாறு எழுத இயலாது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. மதுரையில் வைகையாற்றில் கிடைத்ததும், ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்ததென அறிஞரால் கருதப்படுவதுமான வட்டெழுத்துக் கல்வெட்டு, பாண்டியன் செந்தன் மதகு அமைத்த செய்தியைத் தெரிவிப்பது. அதனையும் ஒரு நீர்ப்பாசன அறிவிப்பு என்று கூறலாம். அன்று மதகின் பெயரைக் கல்லில் பொறித்ததும் இன்று மதகு திறக்கும் செய்தியைக் கணினித் திரையில் பொறிப்பதும் ஒரே தொழிலின் இரு நிலைகள். முன்னதை ஆராய்வது புலமை, பின்னதை ஆராய்வது வீண்வேலை என்பது பொருந்தாது.

வைகை அணை ஆண்டிபட்டிக்கு அணித்தாக வைகையாற்றின் குறுக்கே கட்டப்பெற்று 1959-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அன்றைய முதலமைச்சர் காமராசரால் திறக்கப்பெற்றது. மேற்கே பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கவழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, முல்லையாறாக ஓடி, வைகையொடு கலந்து இவ்வணையில் தேங்குகின்றது. அணைக்குக் கீழே மதுரை. அதற்கப்பால் சிவகங்கை, இராமநாதபுரம். தேனி, திண்டுக்கல் மாவட்டங்களையும் சேர்த்து ஐந்து மாவட்டத்தார் இவ்வணையின் நிலையை நாடோறும் அறிய விழைகின்றனர். அவருள் உழவர் உளர். கரையோரம் குடியிருப்போர் உளர். குடிநீர் வேண்டும் நகரத்தார் உளர். கேட்போர் இத்துணைப் பல்வகையினராக அமைந்த உரைநடைப் பகுதி தமிழில் மிகச் சிலவே என்று துணிந்து கூறலாம்.

இவ்வாற்றின் அறிவிப்பு மரபு மிகப் பழையது. பரிபாடலில் வையையைப் பாடும் பாடல் ஒன்றில், வெள்ளம் கரையை உடைத்த செய்தியை அறிவிக்கப் பறை எழுந்ததும், அதனைக் கேட்டு ஊர் ஆரவாரித்ததும் சொல்லப்படுகின்றன. பறைக்கு எழுத்தறிவு வேண்டா, கண்ணொளி வேண்டா, இரவிலும் அது பயன்படும். செவிப்புலன் இல்லார்க்கு மட்டும் அது பயன்படாது. இன்றும் அணை நிரம்புங்கால் முதற்கண் ஒலிப்பது அபாயச் சங்கே. நீர்மட்டம் 66 அடியை எட்டியவுடன் முதற்கட்ட வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாங்கட்ட எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாங்கட்ட எச்சரிக்கையும் விடுத்து, அதன்பின் உபரிநீரை ஆற்றில் விடுதல் மரபாகும். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி.

இம்மூன்று கட்டங்களையும் ஒரு செய்யுளின் அடிகளை நோக்குவதுபோல் நோக்குதல் வேண்டும். முதற்கட்டத்துக்கும் இரண்டாங்கட்டத்துக்கும் இடையே இரண்டரை அடி. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே அரையடி. ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்கள் சம இடைவெளி உடையன. அவை சுட்டும் நீர்மட்டங்களோ அவ்வாறு இல்லை. முதல் எச்சரிக்கையைக் கேட்டு, ‘இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன’ என்று அமைந்திருந்த ஒருவன், இரண்டாவதைக் கேட்டபின்னும் அதே அளவு பொழுது தனக்கு எஞ்சியுள்ளது எனக் கருதுவானாயின் அவன்மீது குற்றம் இல்லை. எண்ணுப்பெயரே அவ்வாறு கருதச் செய்தது. நீர்வரத்து மிகுந்தவழி அரையடி ஏறுதற்கு நெடும்பொழுது வேண்டா. இக்கட்டங்களை வகுத்த பொறியாளர் அணையின் பாதுகாப்பை நோக்கி வகுத்தனர். அவர் நோக்கில் அவை செம்மையானவை. கேட்போன் நோக்கில் வேண்டப்படுவதோ கட்ட எண் அன்று. ‘இன்னும் எத்துணைப் பொழுது? யான் செய்யத்தக்கது யாது?’ என்பனவற்றுக்கு விடை. இவ்விரு நோக்குக்களும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் முதற் கருத்து.

இனி நாளறிக்கையைக் காண்போம். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என நான்கு கூறுகளால் ஆயது அது. நாளிதழிலும் இணையப் பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் வருவது. வாய்பாட்டு மொழி இழிந்தது அன்று. நாட்டுப்புறப் பாடல் முதல் மெய்க்கீர்த்தி வரை வாய்பாடே நினைவுக்குத் துணை. ஆயினும் இவ்வாய்பாட்டில் நன்னூலார் ‘மயங்க வைத்தல்’ என்று பெயரிட்ட குற்றம் மூன்றிடங்களில் தலைகாட்டுகின்றது.

முதலாவது, உயரம் என்னும் சொல். அணையின் கட்டுமான உயரம் 111 அடி. தேக்கத்தக்க நீரின் உயரம் 71 அடி. சில பக்கங்களில் ‘அணையின் உயரம் 111 அடி’ என்றும், சிலவற்றில் ‘மொத்த உயரம் 71 அடி’ என்றும் வேறுபாடு விளக்கப்படாமல் காணப்படும். இரண்டும் உண்மையே. எனினும் 66 அடி நீர் நிற்கின்றது என்னும் செய்தியை 111-உடன் வைத்து எண்ணுவார்க்கு அணை பாதியளவு நிரம்பியதாகத் தோன்றும். 71-உடன் வைத்து எண்ணுவார்க்கு அது நிரம்பும் தறுவாயில் உள்ளது.

இரண்டாவது, ஒரே பட்டியலில் பெரியாற்று அணையையும் வைகை அணையையும் அடுத்தடுத்து வைத்தல். பெரியாற்று அணையின் முழு உயரம் 152 அடி. உச்ச நீதிமன்றம் 2014-இல் அளித்த தீர்ப்பின்படி 142 அடி வரை நீர் தேக்கப்படுகின்றது. ஆங்கு 104 அடிக்குக் கீழ்ப்பட்ட நீர் சுரங்கவழியே நமக்கு வாராது. எனவே ‘பெரியாறு 110 அடி’ என்று காணும் கம்பம் உழவர்க்குப் பயன்படுவது அதில் ஆறடி நீரே. இதனைப் பட்டறிவால் அறிந்த முதியோர் உள்ளூர் வழக்கில் கணக்கிட்டுக்கொள்வர். 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் முதற்போகத்துக்கு நீர் திறக்கும் காலம் நெருங்குகையில் அக்கணக்கு அவர் வாயில் தானே வரும். புதிதாக நிலம் குத்தகைக்கு எடுத்தானொருவனுக்கு அப்பட்டறிவு இல்லை. அறிவிப்பும் அதனை அவனுக்குத் தரவில்லை. அறிந்தார்க்கே விளங்கும் அறிவிப்பு அறியாதார்க்கு என்ன பயனைத் தரும்?

மூன்றாவது, கனஅடி. நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்துணைக் கனஅடி என ஓட்டத்தின் அளவால் கூறப்படுவன. இருப்போ மில்லியன் கனஅடி எனத் தேக்கத்தின் அளவால் கூறப்படுவது. ‘வினாடிக்கு’ என்னும் சொல் பலகால் தொக்குவிடுகின்றது. ‘ஆயிரம் கனஅடி நீர் திறப்பு’ என்று தலைப்பு அமையும்போது, ஆயிரம் கனஅடியோடு நீர் நின்றுவிடும் என்று கருதும் நகர மாணவரை யான் கண்டதுண்டு. வேற்றுமைத் தொகையும் வினைத்தொகையும் நம் மொழிக்கு அழகு செய்வன. இந்தத் தொகை அழகு செய்யவில்லை. சுருங்கச் சொல்லலை அழகுகளுள் முதற்கண் வைத்த ஆசிரியரே அதனை அடுத்து விளங்க வைத்தலை வைத்தார் என்பது நினைக்கத்தக்கது.

இக்குற்றங்கள் யாவும் ஒரே ஊற்றிலிருந்து பிறப்பன. அறிவிப்பு, அதனை விடுப்போர் பதிவேட்டில் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே வெளிவருகின்றது. கேட்போன் எவன், எந்நிலையில் உள்ளான், எதற்காகக் கேட்கின்றான் என்னும் வினா எழுப்பப்படவே இல்லை. மேனாட்டார் இவ்வினாவையே முதலாகக் கொண்டு ஒரு துறை வகுத்துள்ளனர். அனைத்துலகத் தரப்படுத்தும் நிறுவனம் 1998-இல் வெளியிட்டுப் பின்னர் 2018-இல் திருத்திய 9241-11 என்னும் தரநூல், பயன்பாட்டெளிமை என்பதற்கு வரையறை கூறுகின்றது. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, குறிப்பிட்ட சூழலில் ஒன்றைக் கையாளுங்கால் அடையும் வினைமுடிவு, சிக்கனம், நிறைவு ஆகிய மூன்றன் அளவே அது என்பது அதன் கருத்து. இவ்வரையறையில் ‘குறிப்பிட்ட’ என்னும் அடையே உயிர்நாடி. எல்லார்க்கும் எந்நிலையிலும் எளிதான பொருள் என ஒன்று இல்லை. இன்னார்க்கு இன்ன களத்தில் இன்ன காரியத்துக்கு எளிது என்றே கூறல் இயலும். கேட்போர், களன், காரணம், பயன் என்னும் பாயிரச் சொற்கள் ஈண்டு நினைவுக்கு வருகின்றன.

இதுகண்டு, ‘எம் முன்னோர் அன்றே கூறினர்’ என முழங்குவாரும் உளர். அவரோடு உடன்பட எனக்கு இயலவில்லை. நன்னூல் கேட்போரைப் பாயிரத்தில் வைத்தது உண்மை. அதே பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பகுத்து, அன்னத்தையும் ஆவையும் தலைக்கு உவமையாக்கி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடைக்கு உவமையாக்கிற்று என்பதும் உண்மை. அஃதாவது, நூல் விளங்காதவழி அதன் பழி கேட்போன்மேல் ஏற்றப்படுகின்றது. ஒரு செடியில் நிறைய மேயாது அங்கங்கே ஒவ்வொரு வாய் கவ்விச் செல்லும் ஆடு போன்றவன் கடைமாணாக்கன். இணையப் பக்கம் படிப்போரை 1997-இல் ஆராய்ந்த யாக்கோபு நீல்சன், அவருள் நூற்றுக்கு 79 பேர் புதிய பக்கத்தைச் சொல்தோறும் படியாது மேலோட்டமாகக் கண்ணோட்டுகின்றனர் என்றும், சொல்தோறும் படித்தார் 16 பேரே என்றும் எழுதினார். நன்னூலார் கண்கொண்டு நோக்கின் இவ்வுலகம் ஆடுகளின் மந்தையே. நீல்சன் அவ்வாறு பழிக்கவில்லை. ஆடு மேயும் இயல்புக்கு ஏற்பத் தழையை வைக்க வேண்டும் என்றார்: முடிவை முன் வைத்தல், பொருள் பொதிந்த சிறுதலைப்பு இடுதல், பத்திக்கு ஒரு கருத்தே கூறுதல் முதலாயின அவர் கூறிய வழிகள்.

இங்கு நிகழ்ந்துள்ளது பெரியதொரு தலைமாற்றம். பழைய நூல்நெறியில் தகுதி கேட்போனிடம் வேண்டப்பட்டது. புதிய நெறியில் தகுதி நூலிடம் வேண்டப்படுகின்றது. யாப்பருங்கலமோ தண்டியலங்காரமோ கற்பார்க்கு முன்னைய நெறி இன்றும் பொருந்துவதே. எல்லா நூலும் எல்லார்க்கும் எளிதாதல் வேண்டும் என்பது என் கருத்தன்று. வெள்ள எச்சரிக்கைக்கோ அந்நெறி பொருந்தாது. வெள்ளம் தலைமாணாக்கனையும் கடைமாணாக்கனையும் வேறு பிரித்து நோக்குவதில்லை.

சொல்லாட்சி பற்றியும் ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். ஒரு கருவியையோ பக்கத்தையோ கையாள்வானைக் கணினித் தமிழார் ‘பயனர்’ என்று வழங்குகின்றனர். ஆட்சித்தமிழில் நெடுநாள் வழங்குவதோ ‘பயனாளி’. பகுதி ஒன்றாயினும் இரண்டும் ஒன்றல்ல. பயனாளி என்பான் அரசு கொடுக்கும் பயனைப் பெறுவான். பட்டியலில் அவன் பெயர் இருக்கும். அவன் கை தாழ்ந்திருக்கும். பயனர் என்பான் ஒன்றைத் தன் காரியத்துக்குப் பயன்கொள்வான். கருவி அவனுக்கு அடங்கியது. அரசுப் பக்கங்கள் பலவற்றின் மொழியை நோக்குங்கால், எழுதினார் உள்ளத்தில் நின்றவன் பயனாளியே அன்றிப் பயனன் அல்லன் எனத் தோன்றுகின்றது. பக்கத்தின் மேற்பாதியை அலுவலர் படங்களும் பதவிப் பெயர்களும் கொள்ள, நீர்மட்டம் கீழே எங்கோ ஒரு மூலையில் ஓடும் எழுத்தாகச் செல்கின்றது. ஓடும் எழுத்து விரைந்து படிக்கமாட்டாதானுக்குத் துன்பம். ஐந்து வினாடிக்கு மேற்பட்டுத் தானே அசைவதாயின் அதனை நிறுத்தும் வழி தரப்படல் வேண்டும் என்பது அனைத்துலக விதி.

அவ்விதியைத் தரும் நூல் இணையத்தின் அணுகுதகைமை பற்றிய வழிகாட்டி நெறிகள் எனப்படும். இணையத்தின் தரங்களை வகுக்க 1994-இல் தோன்றிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதனை 1999-இல் முதன்முதல் வெளியிட்டது. 2008-இல் இரண்டாம் பதிப்பும், 2018-இலும் 2023-இலும் அதன் விரிவுகளும் வந்தன. புலனுக்கு எட்டுதல், இயக்குதற்கு எளிதாதல், விளங்குதல், பலவகைக் கருவியிலும் பிழையாது நிற்றல் என நான்கு அதன் தூண்கள். இந்திய அரசின் இணையத்தளங்களுக்குரிய வழிகாட்டி நெறிகள் 2009-இல் எழுந்து, 2023-இல் மூன்றாம் பதிப்பைக் கண்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. மின்வழிச் சேவையை அணுகுதல் வாழும் உரிமையின் கூறே என 2025 ஏப்பிரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தளவில் குறை ஒன்றும் இல்லை. குறை வேறிடத்தில் உள்ளது. அது தமிழ் எழுத்தைப் பற்றியதாதலின் நம் துறையாரே அதனை ஆராய்தற்கு உரியர்.

பார்வையற்றார் கணினியைக் கையாளுங்கால் திரைப்படிப்பான் என்னும் மென்பொருள் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கி ஒலிக்கும். அது காண்பது எழுத்தின் வடிவை அன்று; உள்ளே இடப்பட்ட குறியெண்ணை. 1990-களில் தமிழர் பலர் கணினியில் தமிழை ஏற்றப் பெருமுயற்சி செய்தனர். ஆங்கில எழுத்துக்குரிய குறியெண்களில் தமிழ் வடிவங்களை அமைத்து எழுத்துருக்கள் பல செய்தனர். அவற்றைப் பழித்தல் நன்றியின்மையாகும். மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கித் தமிழ் நூல்களை மின்னுருவாக்கியதும் அம்முயற்சியின் பயனே. ஆனால் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு முறை. 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் குறியேற்றத் தரங்களையும் பரிந்துரைத்தது அச்சிதறலை ஒடுக்கவே. பின்னர் 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, அதனோடு பதினாறு நுண்மித் தமிழ்க் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது.

பழைய எழுத்துரு முறைக்கும் ஒருங்குறிக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணம் வல்லார் உணர்ந்து சுவைத்தல் கூடும். ‘கெ’ என எழுதுங்கால் கண்ணுக்கு முதலில் தோன்றுவது ஒற்றைக் கொம்பு, பின்னரே ககரம். பழைய முறைகளில் கொம்பின் குறி முன்னும் ககரத்தின் குறி பின்னுமாக, கண் காணும் முறையிலேயே வைக்கப்பெற்றன. ஒருங்குறியிலோ ககரம் முன்னும் எகரக் குறி பின்னும் நிற்கும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது நம் இலக்கணத்தின் முதற் பாடம். எழுத்தின் வரிவடிவ வரிசையை விட்டு ஒலிவடிவ வரிசையைப் பற்றியதனால் ஒருங்குறி இலக்கணத்தோடு ஒத்தது; அதனாலேயே செவியால் படிப்பார்க்கும் உரியதாயிற்று. 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையிலும் ‘கெ’ என்பதில் ககரப் புள்ளிகள் முன்னும் எகரப் புள்ளிகள் பின்னுமே தடவப்படும். விரலும் செவியும் ஒருமுகமாக ஒலியின் வரிசையையே வேண்டின. கண் ஒன்றே கொம்பை முன்வைத்துப் பழகியது. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் போதாது என்னும் வழக்கில் எனக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு. அது வேறு கட்டுரைக்குரியது.

சில ஆண்டுகளுக்குமுன் எம்மிடம் முதுகலை பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர், ஓர் ஆய்விதழின் பழைய கட்டுரையைத் திரைப்படிப்பானில் இட்டுக் கேட்கச் செய்தார். குரல் ஆங்கில எழுத்துக்களையும் நிறுத்தற் குறிகளையும் பொருளின்றி ஒப்பித்தது. கட்டுரை பழைய எழுத்துருவில் அமைந்தது. அடுத்த கட்டுரையைத் திறந்தார்; அது அச்சுத்தாளின் ஒளிப்படம். குரல் ஒன்றும் கூறாது வாளா இருந்தது. ‘ஐயா, முன்னதில் புலவர் பிதற்றுகிறார்; பின்னதில் புலவர் மௌனவிரதம்’ என்றார் அவர். நாங்கள் சிரித்தோம்; பின்னர் எனக்கு நாணம் உண்டாயிற்று. அவ்விரு கட்டுரைகளுள் ஒன்று யான் எழுதியது.

அணை அறிவிப்புக்கும் இதே நிலை நேர்கின்றது. அரசாணைகளும் செய்திக் குறிப்புக்களும் பலவிடத்து ஒளிப்படமாகவே பதிவேற்றப்படுகின்றன. கைப்பேசிவழிப் பரவும் நீர்மட்டப் பட்டியலும் பெரும்பாலும் படமே. கண்ணுடையார்க்கும் படத்திலுள்ள எழுத்து தேடற்கு அகப்படாது. சிறு திரையில் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே செல்லும். படமல்லாத எழுத்தாயினும், ‘இப்பக்கத்தின் மொழி தமிழ்’ என்று உள்நிரலில் குறிக்கப்படாதவழித் திரைப்படிப்பான் ஆங்கிலக் குரலைத் தேர்ந்து தடுமாறும். அக்குறிப்பு ஒற்றை வரி. எழுத ஒரு நொடி ஆகாது. நூற்பெயரும் மொழியும் பாயிரத்தில் கூறாது விட்ட குற்றம் எனலாம் அதனை.

தேடுதல் பற்றியதொரு சிக்கல் தமிழுக்கே சிறப்பாக உரியது. முல்லைப்பெரியாறு, முல்லைப் பெரியாறு, முல்லை பெரியாறு என மூவகையாக ஒரே பெயர் எழுதப்படுகின்றது; கனஅடி, கன அடி என்பவும் அவ்வாறே. ஒற்று மிகுதலும் மிகாமையும், பிரித்தெழுதலும் சேர்த்தெழுதலும் நமக்கு இலக்கணச் சண்டை. தேடுவானுக்குச் செய்தி கிடைத்தலும் கிடையாமையும். நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும் செய்தித் துறையும் ஓர் அணைக்கு ஒரே பெயர் வடிவை உறுதி செய்துகொள்ளுதல் பெருஞ்செயல் அன்று. அவ்வடிவு எது என்று கேட்டால் சந்தி இலக்கணம் கற்ற நாம் ஒருவழிப்பட்டு விடை கூறுவோமா என்பதில்தான் எனக்கு ஐயம்.

பேரிடர் எச்சரிக்கைக்கென 2004-இல் வகுக்கப்பட்டுப் பல நாடுகளில் வழங்கும் பொது எச்சரிக்கை நெறிமுறை என்னும் தரம் ஒன்றுண்டு. இந்தியாவிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கை அமைப்பு அதனைப் பின்பற்றுகின்றது. அத்தரத்தில் எச்சரிக்கை ஒன்று வாக்கியமாக அன்றி உறுப்புக்களாக எழுதப்படும்: விடுப்போர் யார், எப்பொழுது விடுத்தனர், எதுகாறும் செல்லும், எவ்விடத்தார்க்கு உரியது, எத்துணை விரைவு, எத்துணைக் கடுமை, எத்துணை உறுதி, செய்யத்தக்கது யாது என. ஒரே எச்சரிக்கையில் பல மொழிகளுக்கு இடமுண்டு. உறுப்புக்களாக நிற்றலின் அதனைச் சங்கொலியாகவும், குரலாகவும், கைப்பேசி எழுத்தாகவும், தடவும் புள்ளியாகவும் வெவ்வேறு கருவிகள் ஆக்கிக்கொள்ளும். செவியில்லார்க்கு எழுத்து, கண்ணில்லார்க்குக் குரல். ஆக்கியோன், காலம், எல்லை, கேட்போர், பயன் என்பவற்றோடு இவ்வுறுப்புக்களை ஒப்புநோக்கும் பணியை முதுகலை மாணவர்க்கு விடுகின்றேன். வேறுபடும் இடங்களே ஆராய்ச்சிக்கு விருந்தாவன. உறுதியின் அளவைக் கூறும் உறுப்புக்கு நிகராகப் பாயிரத்தில் ஒன்றும் இல்லை.

தரம் உறுப்பைத் தருமேயன்றி உரையைத் தாராது. ‘செய்யத்தக்கது யாது’ என்னும் உறுப்பில் ‘கரையோரப் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று எழுதினாலும் உறுப்பு நிரம்பிவிடும். கேட்டுக்கொள்வார் யார், பாதுகாப்பான இடம் எது, எப்பொழுதுக்குள் என்பன வெளிப்படா. செயப்பாட்டுவினை அவற்றை விழுங்கிவிடும். ‘இன்று மாலை ஆறு மணிக்குமுன் ஆற்றை விட்டு மேடேறுங்கள், மாடுகளையும் ஓட்டிச் செல்லுங்கள்’ என்பதில் அக்குறை இல்லை. இதனை எழுதப் பொறியியல் வேண்டா. கேட்போனை எதிரே நிறுத்திப் பேசும் பயிற்சி வேண்டும்.

எண்ணைக் குரலாக்குதலில் ஒரு செய்தி எஞ்சியுள்ளது. திரைப்படிப்பான் 68.5 என்பதை ‘அறுபத்தெட்டு புள்ளி ஐந்து’ என்று ஒலிக்கும். சிலபோது புள்ளியை முற்றுப்புள்ளியாகக் கொண்டு வாக்கியத்தை ஆங்கே முறித்து, ஐந்தைத் தனியே நிறுத்தும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிழவர் எவரும் புள்ளி ஐந்து என்பதில்லை. அவர் கூறுவது ‘அறுபத்தெட்டரை’.